வாங்கிய பிரதி யாருடையது? ஒலிநாடா முதல் ஸ்ட்ரீமிங் வரை

நூல், இசை, திரைப்படம் ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்கும் ஒருவருக்கு அவற்றின்மீது எந்த அளவு உரிமை உண்டு என்பது நூறாண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களிலும் கடைத்தெருவிலும் வீடுகளிலும் பேசப்பட்டு வரும் கேள்வி. கேசட், வீடியோ, குறுந்தகடு, எம்.பி.3, மின்னூல், ஸ்ட்ரீமிங் என ஒவ்வொரு புதிய சாதனம் வந்தபோதும் இக்கேள்வி புதிய வடிவில் எழுந்தது. ஒவ்வொரு முறையும் பயனருக்கு வசதி கூடியது. ஏறத்தாழ 1990களின் இறுதி வரை வசதியோடு சேர்ந்து வாங்கியவரின் உரிமையும் வளர்ந்தது. அதன்பின் வசதி வளர்ந்தது, உரிமை சுருங்கியது. அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

நூலும் முதல் விற்பனைக் கோட்பாடும்

பதிப்புரிமை என்பது ஒரு படைப்பைப் பிரதி எடுக்கவும் வெளியிடவும் படைத்தவருக்கோ அவரிடம் உரிமை பெற்றவருக்கோ சட்டம் தரும் தனியுரிமை. அச்சிட்ட நூல் ஒன்றை விற்றபின், அந்தக் குறிப்பிட்ட பிரதியின்மீதும் இந்த உரிமை தொடருமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1908இல் முடிவானது.

பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகம் தான் வெளியிட்ட ஒரு நாவலின் உள்ளே, ஒரு டாலருக்குக் குறைவாக இதை விற்பது பதிப்புரிமை மீறல் என்று பொருள்படும் அறிவிப்பை அச்சிட்டிருந்தது. நியூயார்க்கின் மேசி அங்காடி அந்த நூலை 89 சென்டுக்கு விற்றது. பதிப்பகம் வழக்குத் தொடுத்துத் தோற்றது. ஒரு பிரதியை விற்றவுடன் அதன் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பதிப்பாளருக்கு முடிந்துவிடுகிறது என்று நீதிமன்றம் கூறியது. இது முதல் விற்பனைக் கோட்பாடு எனப்படுகிறது. உள்ளே அச்சிட்ட ஒரு வாசகத்தால் மட்டும் வாங்கியவரின் கையைக் கட்ட முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்திலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. ஏற்கெனவே புழக்கத்திற்கு வந்துவிட்ட நூல் பிரதிகளை மீண்டும் பிறருக்கு வழங்குவது உரிமையாளரின் தனியுரிமைக்குள் வராது. பழைய புத்தகக் கடைகளும் வாடகை நூலகங்களும் இந்த அடிப்படையில்தான் இயங்கின. 1985இல் தீயில் அழிந்த சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரே பாடநூல் பல மாணவர் கைகளுக்கு மாறியதும் இதனால்தான்.

ஒலிநாடாவின் வருகை

நூலை விற்கலாம், கடன் தரலாம். ஆனால் வீட்டிலிருந்தபடி அதைப் பெருக்க எளிய வழி இல்லை. இசைத்தட்டும் அப்படியே. இந்த நிலையை மாற்றியது பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கையடக்க ஒலிநாடா, அதாவது கேசட். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஒட்டன்ஸ். பதிவுக் கருவி எவ்வளவு சிறியதாக இருக்கவேண்டும் என்பதற்கு அவர் ஒரு மரக்கட்டையைத் தம் மேற்சட்டைப் பையில் போட்டுப் பார்த்து அளவு முடிவு செய்தார் என்பது அத்துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி. உரிமக் கட்டணம் கேட்காமல் பிற நிறுவனங்களும் தயாரிக்க பிலிப்ஸ் இடமளித்ததால், கேசட் உலகெங்கும் ஒரே அளவில் பரவியது.

கேசட்டின் முக்கியமான புதுமை, கேட்பவரே அதில் பதியவும் முடியும் என்பதுதான். அதன் பின்விளிம்பில் இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் பதிந்த பாட்டு தவறுதலாக அழியாது. மீண்டும் பதியவேண்டுமென்றால் அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டினால் போதும். ஒலிநாடாவுக்கும் ஒரு பூட்டு இருந்தது. அதன் சாவி வாங்கியவரின் கையில் இருந்தது.

இந்தியாவில் கேசட் பெருவாரியாகப் பரவியது 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் திரும்பும்போது கொண்டுவந்த ‘டூ இன் ஒன்’ எனப்பட்ட வானொலியும் கேசட் பதிவுக் கருவியும் இணைந்த பெட்டி பல ஊர்களில் வீட்டின் பெருமைக்குரிய பொருளாயிற்று. குரலைப் பதிந்து கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டை அனுப்பும் வழக்கமும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அது கடிதத்தைவிட நெருக்கமாக இருந்தது.

தமிழகச் சிறு நகரங்களில் பாடல் பதிவுக் கடைகள் தோன்றின. விருப்பமான பாடல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, வெற்றுக் கேசட்டுடன் கடையில் கொடுத்தால், சில நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாடல்கள் அடங்கும். எந்தப் பாடலுக்குப் பின் எந்தப் பாடல் என்று தீர்மானிப்பதில் தனி ரசனை வெளிப்பட்டது. நாடா சிக்கினால் பென்சிலைத் துளையில் விட்டுச் சுற்றிச் சரிசெய்தார்கள்.

இக்கடைகள் பெரும்பாலும் எந்த உரிமமும் பெறாமல் இயங்கின. சட்டப்படி அது மீறலே. இசையமைப்பாளரும் பாடகரும் ஒலிநாடா நிறுவனமும் அந்த விற்பனையில் எதையும் பெறவில்லை. பிரிட்டனில் இசைத்துறை அமைப்பு 1980களின் தொடக்கத்தில், வீட்டில் பதிவு செய்வது இசையைக் கொன்றுவிடும் என்று ஒரு பரப்புரையையே நடத்தியது. மேற்கு ஜெர்மனி வேறு வழியைத் தேர்ந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் தனிப்பட்ட பயன்பாட்டுக்குப் பிரதி எடுப்பதை அனுமதித்து, பதிவுக் கருவிகளின்மீது ஒரு தீர்வை விதித்து, அத்தொகையைப் படைப்பாளிகளுக்குப் பகிர்ந்தளிக்க ஏற்பாடு செய்தது. பயனரின் வசதியையும் படைப்பாளியின் வருவாயையும் ஒருசேரக் காக்க முடியும் என்பதற்கு அது தொடக்ககால எடுத்துக்காட்டு.

வாக்மேன்: தனியாகக் கேட்கும் பழக்கம்

1979 ஜூலை 1 அன்று சோனி நிறுவனம் ஜப்பானில் வாக்மேன் என்னும் சிறு கேசட் இயக்கியை 33,000 யென் விலைக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் பதிவு செய்யும் வசதி இல்லை. கேட்க மட்டுமே முடியும். பதிய முடியாத கருவியை யார் வாங்குவார்கள் என்ற ஐயம் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது.

நிறுவனத் தலைவர் அகியோ மொரிட்டாவுக்கு இன்னொரு கவலை இருந்தது. அருகில் ஒருவர் இருக்கையில் தனியாகப் பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்று அவர் கருதினார். எனவே முதல் வாக்மேனில் இருவர் கேட்க இரண்டு செவிப்பொறித் துளைகளும், பாட்டின் ஒலியைத் தணித்து ஒருவரோடொருவர் பேச ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தானும் வைக்கப்பட்டன. மக்கள் அவற்றை அதிகம் பொருட்படுத்தவில்லை. பிந்தைய மாதிரிகளில் அவை கைவிடப்பட்டன.

காதை அடைத்துக்கொண்டு உலகை மறக்கிறார்கள் என்று இன்று கைபேசிக்குச் சொல்லப்படும் குறை, அப்போது வாக்மேனுக்குச் சொல்லப்பட்டது. சாதனம் சமூகத்தைக் கெடுக்கிறது என்ற பொதுப் பேச்சும், அதை விடாமல் வாங்கும் மக்களின் நடத்தையும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பது நுகர்வோர் தொழில்நுட்ப வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது.

வீடியோவும் பீட்டாமேக்ஸ் வழக்கும்

சோனி 1975இல் பீட்டாமேக்ஸ் என்னும் வீட்டு வீடியோ பதிவுக் கருவியை வெளியிட்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஒளிபரப்பாகும் நேரத்தில் பார்க்க முடியாதவர் அதைப் பதிந்து வேறு நேரத்தில் பார்க்கலாம். இதை எதிர்த்து யூனிவர்சல், டிஸ்னி ஆகிய படநிறுவனங்கள் 1976இல் வழக்குத் தொடுத்தன. பதிவு செய்யும் ஒவ்வொரு வீட்டாரும் பதிப்புரிமையை மீறுகிறார்கள், கருவியை விற்ற சோனி அதற்கு உடந்தை என்பது அவர்களின் வாதம்.

கீழ்நிலை நீதிமன்றத்தில் சோனி வென்றது, மேல்முறையீட்டில் தோற்றது. இறுதியாக 1984 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடு என்றும், சட்டப்படியான பயன்பாடு கணிசமாக உள்ள ஒரு கருவியை விற்பது குற்றமாகாது என்றும் அது கூறியது. ஒரு நீதிபதியின் வாக்கு மாறியிருந்தால் வீட்டுப் பதிவுக் கருவிகளின் வரலாறே வேறாக இருந்திருக்கும்.

வீடியோவால் திரைத்துறை அழிந்துவிடும் என்று கடுமையாக எச்சரித்த படநிறுவனங்களுக்கு, சில ஆண்டுகளிலேயே வீடியோ கேசட் விற்பனையும் வாடகையும் மிகப்பெரிய வருவாய் வழியாக அமைந்தன.

இந்தியாவில் 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி பரவியது. தொடர்ந்து வீடியோ கேசட் வாடகைக் கடைகளும், ஒரு இரவுக்கு டெக்கையும் தொலைக்காட்சியையும் வாடகைக்கு எடுத்து மூன்று நான்கு படங்களை விடிய விடியப் பார்க்கும் வழக்கமும் வந்தன. திருட்டு வீடியோவைத் தடுக்க 1984இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

குறுந்தகடும் எம்.பி.3 கோப்பும்

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய குறுந்தகடு 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் இசை எண்களாகப் பதிந்திருந்தது. பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு ஏதும் இல்லை. சாதாரணக் கணினியில் குறுந்தகட்டைப் படிக்கும் கருவி வரும் என்று அப்போது பலரும் எதிர்பார்க்கவில்லை. கேசட்டைப் பிரதி எடுத்தால் ஒலித்தரம் குறையும். எண்களைப் பிரதி எடுத்தால் மூலத்துக்கும் பிரதிக்கும் வேறுபாடே இருக்காது.

ஜெர்மனியின் பிரௌன்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்கள் முன்னின்று உருவாக்கிய ஒலிச் சுருக்க முறைக்கு 1995 ஜூலையில் எம்.பி.3 என்ற கோப்புப் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. மனிதக் காதுக்கு எப்படியும் கேட்காத ஒலிக்கூறுகளை நீக்கிக் கோப்பின் அளவைக் குறைப்பது இதன் அடிப்படை. குறுந்தகட்டில் ஏறத்தாழ 40 மெகாபைட் இடம் பிடிக்கும் நான்கு நிமிடப் பாடல், வழக்கமான எம்.பி.3 வடிவில் 4 மெகாபைட்டுக்குள் அடங்கியது. 1998இல் வந்த ரியோ என்னும் கையடக்க இயக்கியின் நினைவகம் 32 மெகாபைட். அரைமணி நேர இசைக்குப் போதும். அதைத் தடுக்க அமெரிக்க இசைத்துறை தொடுத்த வழக்கு 1999இல் தோற்றது. 1999 ஜூனில் தொடங்கிய நாப்ஸ்டர், முன்பின் அறியாத பயனர்கள் தங்கள் கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிர வழிசெய்தது. நீதிமன்ற உத்தரவுகளால் 2001 ஜூலையில் அது நின்றது.

தமிழகத்தில் பதிவுக் கடை உருமாறியது. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட எம்.பி.3 தகடுகள் விற்கப்பட்டன. பின்னர் கைபேசியின் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகள் வந்தன. படைப்பாளிக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்பது மட்டும் மாறவில்லை.

பூட்டின் காலம்

1996இல் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின்கீழ் உருவான ஒப்பந்தங்கள், டிஜிட்டல் படைப்புகளின்மீது போடப்படும் தொழில்நுட்பப் பூட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்புத் தரவேண்டும் என்றன. அதன்படி அமெரிக்கா 1998இல் ஒரு சட்டம் இயற்றியது. பிரதி எடுப்பது நியாயமா இல்லையா என்பது ஒரு கேள்வி. பூட்டை உடைத்தாரா என்பது வேறொரு கேள்வி. புதிய சட்டம் இரண்டாவதையே தனிக் குற்றமாக்கியது. பீட்டாமேக்ஸ் வழக்கில் பயனர் பெற்ற உரிமை ஏட்டில் அப்படியே இருந்தது. ஆனால் பூட்டுள்ள பொருளில் அதைப் பயன்படுத்தும் வழி பெரிதும் அடைபட்டது.

டி.வி.டி. தகடு இதற்கு நல்ல சான்று. உலகம் ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. அமெரிக்காவும் கனடாவும் மண்டலம் 1, பிரிட்டன் மண்டலம் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் மண்டலம் 3, இந்தியா மண்டலம் 5. மண்டலக் குறியீடு இட்ட தகட்டை லண்டனிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினர் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினாலும், சென்னையில் வாங்கிய இயக்கி அதை ஏற்காமல் போகலாம். வாங்கியது நேர்மையான பிரதி, தடையோ வாங்கியவருக்கு.

2005இல் சோனி பி.எம்.ஜி. வெளியிட்ட சில இசைக் குறுந்தகடுகள், கணினியில் போட்டவுடன் பயனர் அறியாமல் மறைமுக மென்பொருளை நிறுவின என்பது வெளியானது. அது கணினியின் பாதுகாப்பையே பலவீனப்படுத்தியது. கடும் எதிர்ப்புக்குப்பின் அத்தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. திருட்டுப் பிரதியைத் தேடிப் போகாமல் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களே இதில் பாதிக்கப்பட்டார்கள்.

ஆப்பிள் நிறுவனம் 2003 ஏப்ரலில் தொடங்கிய இணைய இசைக்கடை, பாடலுக்கு 99 சென்ட் என்ற விலையில் முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாடல்களை விற்றது. எளிமையான, நியாயமான விலைக் கடை இருந்தால் மக்கள் காசு கொடுப்பார்கள் என்பது தெளிவாயிற்று. ஆயினும் அந்தப் பாடல்களும் டி.ஆர்.எம். எனப்படும் டிஜிட்டல் உரிமைப் பூட்டுடனே விற்கப்பட்டன. 2007இல் ஸ்டீவ் ஜாப்ஸ் இசைக்குப் பூட்டு வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதினார். 2009இல் ஆப்பிள் கடையின் இசை பூட்டின்றிக் கிடைக்கத் தொடங்கியது. மின்னூலிலும் திரைப்படத்திலும் பூட்டு நீடித்தது.

வாங்கிய நூல் மறைந்த நாள்

அமேசான் 2007 நவம்பரில் கிண்டில் என்னும் மின்னூல் வாசிப்பானை வெளியிட்டது. ஒரு கைப்பைக்குள் நூற்றுக்கணக்கான நூல்கள், நினைத்த நேரத்தில் வாங்கும் வசதி, எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் ஏற்பாடு ஆகியவை வாசகர்களைக் கவர்ந்தன. பார்வை மங்கிய முதியோருக்கு அது உண்மையான உதவி.

2009 ஜூலையில் சில வாசகர்கள் தாங்கள் வாங்கியிருந்த நூல்கள் கருவியிலிருந்து மறைந்துவிட்டதைக் கண்டார்கள். மறைந்தவை ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நாவல்கள். அரசு பழைய செய்திகளை அழித்துத் திருத்தி எழுதும் ஒரு சமூகத்தைச் சித்திரிப்பது ‘1984’ என்பதால் இச்செய்தி உலகெங்கும் கவனம் பெற்றது. அந்த மின்பதிப்புகளை விற்றவருக்கு அமெரிக்காவில் விற்கும் உரிமை இல்லை என்பது தெரிந்ததும், அமேசான் அவற்றைத் தொலைவிலிருந்தே நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது.

பணம் திரும்பியதால் பிரச்சினை தீரவில்லை. பாடத்துக்காக ‘1984’ படித்து அதில் குறிப்புகள் எழுதி வந்த ஒரு பள்ளி மாணவர், நூல் மறைந்ததால் தம் குறிப்புகள் பயனற்றுப் போயின என்று வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்தது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அச்சு நூலில் இதேபோன்ற தவறு நடந்திருந்தால், பதிப்பாளர் கடைகளில் மீதமுள்ள பிரதிகளை மட்டுமே திரும்பப் பெறுவார். வாசகரின் வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து எடுத்துப்போக எவருக்கும் வழியில்லை.

2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்கள் அனைத்தும் படிக்க முடியாமல் போயின. விலை திருப்பித் தரப்பட்டது. நூலில் குறிப்பு எழுதி வைத்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் தரப்பட்டது.

சொந்தத்திலிருந்து சந்தாவுக்கு

2008 அக்டோபரில் ஐரோப்பாவில் தொடங்கிய ஸ்பாட்டிஃபை போன்ற ஸ்ட்ரீமிங் சேவைகள், பாடலை விற்பதை விட்டுவிட்டுக் கேட்கும் அனுமதியை மாதச் சந்தாவுக்கோ விளம்பரத்துக்கோ ஈடாகத் தந்தன. இந்தியாவில் 2016க்குப் பின் கைபேசி இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்ததும் இத்தகைய சேவைகள் வேகமாகப் பரவின. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. இன்று உலக இசைப்பதிவு வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஸ்ட்ரீமிங் வழியே வருகிறது.

இதன் நன்மைகள் சிறியவை அல்ல. பதிவுக் கடைக்காரரிடம் இல்லாத பாடலும் சில நொடிகளில் கிடைக்கிறது. இசைத்துறைக்கு வருவாய் சேர்கிறது. சேமிக்க இடம் தேடவேண்டியதில்லை. ஆனால் கேட்பவரிடம் எந்தப் பிரதியும் இல்லை. 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் இந்தியாவின் ஜீ மியூசிக் நிறுவனத்துக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதபோது, புகழ்பெற்ற பல இந்தித் திரைப்பாடல்கள் பயனர்களின் பட்டியல்களிலிருந்து அகன்றன. பேச்சுவார்த்தையில் கேட்பவருக்கு இடமில்லை. சந்தா செலுத்தி ‘தரவிறக்கம்’ செய்துவைத்த பாடலும் சந்தா நின்றால் ஒலிக்காது.

மறுவிற்பனை உரிமையும் டிஜிட்டல் உலகில் நிலைக்கவில்லை. வாங்கிய இசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி என்னும் அமெரிக்க நிறுவனம் 2013இலும், மேல்முறையீட்டில் 2018இலும் தோற்றது. கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதே புதிய பிரதி எடுப்பதாகும் என்பது காரணம். ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் மென்பொருளின் மறுவிற்பனையை ஏற்றது. 2019இல் மின்னூலுக்கு அதே உரிமையை மறுத்தது. 1908இல் நூலில் அச்சிட்ட வாசகத்தால் முடியாததை, பொத்தானை அழுத்தி ஏற்கும் உரிம நிபந்தனையும் அதன் பின்னால் நிற்கும் பூட்டும் சாதித்துவிட்டன.

கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, திரும்பப் பெறக்கூடிய உரிமம் மட்டுமே தரும் டிஜிட்டல் கடை ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தினால், அது உரிமம் மட்டுமே என்பதையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இச்சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வாங்குபவருக்கு உரிமையை அது திருப்பித் தரவில்லை. எதைப் பெறுகிறார் என்பதைச் சொல்லவைத்தது.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இரு திசைகளில் அமைந்தது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதை அது தண்டனைக்குரியதாக்கியது. இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதேவேளை, சட்டம் தடைசெய்யாத ஒரு செயலுக்காகப் பூட்டைக் கடப்பதற்கு விலக்கும் அளித்தது. ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையும் அனுமதிக்கப்பட்டுள்ளது. நோக்கத்தைக் கணக்கில் எடுப்பதால் இது அமெரிக்கச் சட்டத்தைவிடப் பயனருக்குச் சற்று இணக்கமானது.

மாணவர்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய வழக்கு தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி நகலகம் பற்றியது. பாடத்துக்குத் தேவையான நூற்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்றதை எதிர்த்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் நிறுவனமும் 2012இல் வழக்குத் தொடுத்தன. கல்விப் பயன்பாட்டுக்குச் சட்டம் தரும் விலக்கை தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் உறுதிசெய்தது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஆனால் இது காகித நூலுக்கே முழுமையாகப் பயன்படும். பூட்டிய மின்னூலை நகலகத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது.

தமிழ் மரபில் பிரதியின் இடம்

தனியார் கையில் பிரதிகள் இருப்பது ஒருவரின் வசதி சார்ந்த செய்தி மட்டுமன்று என்பதைத் தமிழ் நூல் வரலாறு காட்டுகிறது. பனையோலை நெடுங்காலம் நிலைக்காது. சங்க இலக்கியங்கள் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டதால்தான் எஞ்சின. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பிக்க முடிந்ததற்கு, மடங்களிலும் வீடுகளிலும் சிதறிக் கிடந்த சுவடிகளே ஆதாரம்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா பல ஆண்டுகள் தம் சொந்த முயற்சியில் நூல்களையும் இதழ்களையும் நாடக, திரைப்பட அறிவிப்புகளையும் திரட்டினார். ஏறத்தாழ 1,00,000 பொருட்கள் கொண்ட அத்தொகுப்பே அவர் மறைவுக்குப்பின் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒருவர் வாங்கியதைச் சொந்தமாக வைத்திருக்கவும் அவருக்குப்பின் அது இன்னொருவர் கைக்கு மாறவும் முடிந்ததால் அந்நூலகம் உருவானது.

இதன் மறுபக்கத்தை யாழ்ப்பாணம் கண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய எண்ணிமச் சேமிப்பு, இலங்கைத் தமிழ் ஆவணங்களைப் பல பிரதிகளாகப் பரப்பிப் பாதுகாக்கும் முயற்சி. அதற்கு முன்பே 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பில் தமிழ் இலக்கியங்களை இலவச மின்னூல்களாக்கியது. இவ்விரண்டும் பூட்டின்றித் தரவிறக்கக் கூடியவை. டிஜிட்டல் வடிவம் என்பதாலேயே உரிமை பறிபோக வேண்டியதில்லை என்பதற்கு இவை சான்று.

சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவர் எழுத்து பொதுவுடைமையாகிறது. பாரதியின் பதிப்புரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றது. அதைத் தொடர்ந்து எழுத்தாளர்களின் படைப்புகளை, அவர்களின் குடும்பத்தாருக்குத் தொகை வழங்கி நாட்டுடைமையாக்கும் வழக்கம் தமிழகத்தில் வளர்ந்தது. அந்நூல்களை எவரும் மின்னூலாக்கலாம், பிரதி எடுக்கலாம், பகிரலாம்.

இன்றைய நிலை

இன்று ஒரே பாடலை மூன்று வகையில் பெறலாம். குறுந்தகடாக வாங்கினால் அது வாங்கியவருக்குச் சொந்தம். விற்கலாம், பரிசளிக்கலாம், வாரிசுக்கு விட்டுச் செல்லலாம். பூட்டில்லாத கோப்பாக வாங்கினால் விற்க முடியாவிட்டாலும் கடை மூடியபின்னும் கேட்கலாம். சந்தாவில் கேட்டால் ஒப்பந்தமும் சந்தாவும் நீடிக்கும் வரை மட்டுமே கேட்கலாம். இந்த வேறுபாடு திரையில் தெரிவதில்லை. மூன்றிலும் ஒரே பாடல், ஒரே தரத்தில் ஒலிக்கிறது. 1980களில் பதிந்த கேசட் ஒன்று பரணில் கிடந்து கிடைத்தால், நாடா பழுதாகாத வரை அது இன்றும் பாடும். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.